பெரியவர்களை ஊர் சேர்ந்து கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது தென் மாவட்டத்துச் சிற்றூர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகளிர் குழு அக்காக்கள் இரண்டு பேர், ஒரு தையல்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நான் என்று மொத்தம் ஒன்பது பேர். தனியாகவோ வயதான துணையோடு மட்டுமோ இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறோம். பக்கத்து ஊர்களிலிருந்து விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஊர் எதற்கு இதில்?

பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் அது 18 ஆகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்களின் பங்கு அதிகமாக இருக்கப்போகிற பெரிய மாநிலம் நம்முடையதுதான்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி. மாதம் தவறாமல் போய் பி.பி. பார்த்து மாத்திரை வாங்கி வருவார். பி.பி. மட்டும் இறங்கவே இல்லை. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார், அப்புறம் இன்னொன்றைச் சேர்த்தார். நாங்கள் முதல்முறை வீட்டுக்குப் போனபோது அடுக்களைப் பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாத்திரை இருந்தது. எது காலை, எது ராத்திரி என்று ஆச்சிக்குத் தெரியவில்லை. கண்புரை. அட்டையில் இருந்த எழுத்தும் தெரியவில்லை. கேட்டால் திட்டுவார்களோ என்று வாங்கிவந்ததை அப்படியே பாட்டிலில் போட்டுவைத்திருக்கிறார். மருத்துவர் பார்த்தது மாதத்தில் மூன்று நிமிடம். அந்த பாட்டில் அவர் கண்ணில் படவே படாது. பரணை எட்டிப் பார்க்கக்கூடிய ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

முதலில் ஒரு மருத்துவ முகாம் போட்டுத் தொடங்கலாமா?

வேண்டாம். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். பந்தல், ஃபிளெக்ஸ், சால்வை எல்லாம் வைத்து ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் சர்க்கரை பார்த்தோம். ஆளுக்கொரு சீட்டு கொடுத்தோம். மறுமாதம் விசாரித்தால், அந்தச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முகாமே வீண் என்று சொல்ல வரவில்லை. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை முகாம்களால்தான் ஊர் ஊராகப் பரவியது. அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் வயதானவர்கள் வருவதில்லை. பஸ் செலவு, சாப்பாடு, கூடவரும் ஆளின் ஒருநாள் கூலி, இதெல்லாம் தடையாக நிற்கிறது. முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிப்போய், சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோதுதான் கூட்டம் வந்தது. முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் முகாம் போடுங்கள்.

இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தெருவாரியாகப் பெரியவர்கள் பெயர், வயது, கூட யார், என்ன மாத்திரை, அவசரத்துக்கு யாருக்குப் போன் போட வேண்டும். இதை எழுதி முடிக்கவே எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. காபி குடிக்காமல் எந்த வீட்டிலும் விடவில்லை.

அரசுதான் வீடு தேடி வருகிறதே. நாங்கள் வேறு எதற்கு?

வருகிறது, நன்றாகவே வருகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் தன்னார்வலர் பி.பி. கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். வட்டார அளவில் இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வண்டியில் வந்து, நடக்க முடியாதவர்களை வீட்டிலேயே பார்க்கிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான பைகளும் வீட்டுக்கே வரும். 2024இல் ஐ.நா. பணிக்குழு ஒன்றின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தத் தன்னார்வலர் அக்காவுக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். ஒரு வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து கதை கேட்க அவரால் முடியாது. நாம் அவருக்குப் போட்டியாகப் போகக் கூடாது. முதல் வேலையாக அவரைப் போய்ப் பாருங்கள். எந்த வீட்டில் கதவு திறப்பதில்லை, யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவதில்லை என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் நோட்டில் பாதி அவர் சொல்லி எழுதியது. அவர் வரவேண்டிய நாளில் வரமுடியாமல் போனால் எங்களுக்குச் செய்தி வந்துவிடும். யாராவது துணை சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரையை வாங்கி வருவோம்.

மருத்துவம் படிக்காத நாங்கள் என்ன சோதிக்க முடியும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் முதியோர் பராமரிப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. நோயின் பெயரில் தொடங்காமல், ஆளால் என்ன முடிகிறது என்பதில் தொடங்குகிறது அது. ஞாபகம், நடமாட்டம், சாப்பாடு, பார்வை, காது, மனசு என்று ஆறு விஷயம். பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

பூ, கதவு, அரிசி என்று மூன்று சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 14 வினாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று கணக்கு. (விழுந்துவிடுவார் போலிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.) மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இளைத்தாரா, பசி போய்விட்டதா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் எடை மெஷினைவிட ரவிக்கைதான் சரியாகச் சொல்கிறது. தையல்காரர் குழுவில் இருப்பது அதனால் பெரிய லாபம். பின்னால் நின்று மெதுவாக நாலு வார்த்தை சொன்னால் திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து கிடக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்று நேராகக் கேளுங்கள்.

இதில் ஏதாவது ஒன்று இடித்தால் அது நோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்ட ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மாத்திரையும் கழிவறையும். இந்த இரண்டைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுவேன்.

மாத்திரைகளை மொத்தமாகப் பாயில் கொட்டச் சொல்வோம். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். அம்லோடிபின் என்கிற பி.பி. மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரி அம்லோடிபின் ஒன்று, தனியார் எழுதிக்கொடுத்த அம்லோடிபின் இன்னொன்று, இரண்டையும் விழுங்கிவிட்டுத் தலைசுற்றுகிறது என்பார்கள். மருத்துவர் எழுதிய எதையும் நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை. பையோடு மருத்துவரிடம் அழைத்துப்போவோம். அவர் சொன்ன பிறகு காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா என்று தீப்பெட்டியிலோ டப்பாவிலோ படம் வரைந்து ஒட்டுவோம். இந்த வேலைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் போதும்.

விரத நாளை மறக்காதீர்கள். அமாவாசை, சஷ்டி என்று பட்டினி கிடந்துவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், உளறல். ஆள் விழிப்போடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். விரதம் இருப்பவர்கள் அந்த நாளுக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். இருக்காதீர்கள் என்று நாம் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

கழிவறைக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இருட்டில், ஈரத் தரையில், கொல்லைப்புறத்துக்கு நடப்பது. எங்கள் ஊரில் இடுப்பெலும்பு உடைந்தவர்களில் பலர் இப்படி விழுந்தவர்கள்தான். செலவு பெரிதில்லை. போகிற வழியில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, குத்தவைக்க முடியாதவர்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் கிடக்கும் கோணிச் சாக்கை எடுத்துவிடுவது. கைப்பிடியை எங்கள் ஊர்க் கொத்தனார் கூலி வாங்காமல் பதித்துக்கொடுக்கிறார். தாத்தாக்கள் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "எனக்கென்ன கிழடா தட்டிப்போச்சு?" என்பார்கள். பாட்டிக்காக என்று சொல்லிப் பதித்துவிடுங்கள். இரண்டு நாளில் தாத்தாதான் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தூக்க மாத்திரை, சில பி.பி. மாத்திரைகள், சிறுநீர்ப் பிரச்சினைக்கான சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது தள்ளாட்டத்தைத் தரும். விழுந்தவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை?

நிறுத்தப் பாருங்கள். அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஒன்றும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஒருநாள் இரண்டுநாள் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும், வயிறு புண்ணாகும், பி.பி. ஏறும், சர்க்கரை ஏறும். இதைச் சொன்னால் "அப்போ வலிக்கு என்னதான் பண்றது?" என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. இயன்முறை மருத்துவர் வந்து தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிறகு, வாரம் ஒருமுறை போய் அதைச் செய்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை. பாயில் படுத்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அமுக்குவது. பாட்டிகள் நாலு பேர் சேர்ந்து செய்தால் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிறது. தனியாக விட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாடு கொடுக்க வேண்டுமா?

எங்களால் தினமும் சமைத்துப்போட முடியவில்லை. முயன்று பார்த்துக் கைவிட்டோம். ஆனால் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கிறோம். பல் போன ஆச்சிகள் மூன்று வேளையும் கஞ்சியும் ஊறுகாயும்தான். பி.பி.க்கு ஊறுகாயும் கருவாடும் ஆகாது. கஞ்சியில் புரதமும் போதாது. அதில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்ப்பது, ஒரு முட்டை, ஒரு டம்ளர் மோர் என்று சின்னச் சின்ன மாற்றம்தான் சொல்கிறோம். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் சத்துணவு மையத்தில் மதிய உணவு சாப்பிடலாம் என்று 1983இலிருந்தே ஏற்பாடு உண்டு. பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பேரப்பிள்ளைகளோடு தட்டேந்தி நிற்கக் கூச்சப்படுகிறார்கள். அந்த உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. கிடைக்க வேண்டியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் மருத்துவ உதவிதான் என்பது என் கட்சி.

"எனக்கு ஒன்னும் வேண்டாம், என்னை விட்டுடுங்க" என்கிறவரை என்ன செய்வது?

விட்டுவிட வேண்டும், அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். ஒரு அய்யா ஆறு வாரம் கதவைப் பாதிதான் திறந்தார். ஏழாவது வாரம் ரேடியோ ரிப்பேர் ஆகிவிட்டது என்று அவரே கூப்பிட்டார். அதைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் காலில் ஆறாத புண்ணைக் காட்டினார். சர்க்கரைப் புண். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

கூப்பிடுகிற முறையும் முக்கியம். அப்பத்தா, ஆச்சி, அம்மாச்சி, அய்யா என்று அந்தந்த வீட்டு வழக்கப்படி கூப்பிடுங்கள். "பயனாளி" என்ற சொல் நோட்டிலும் வேண்டாம்.

மனச்சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்பார்கள். துணையை இழந்த முதல் வருடத்தில் கூடுதலாகக் கவனியுங்கள், ஆண்களை இன்னும் கூடுதலாக. காது கேளாமை கூட்டத்திலிருந்து ஒதுக்கிவிடும், ஒதுங்கினால் மனசு இருளும். "செத்தா தேவலை" என்று சொன்னால் வயதானவர்கள் பேசுகிற பேச்சுதானே என்று தள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் குடும்பத்திடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள்.

எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது. இவை பக்கவாதத்தின் அடையாளம். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார நேரமில்லை. நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உடனே 108தான். இன்னொன்று, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் மாற்றிப் பேசினால் அது மறதிநோய் இல்லை. சிறுநீர்த் தொற்றோ, காய்ச்சலோ, சர்க்கரை இறங்கியதோ இருக்கும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

படுக்கையில் கிடப்பவர்களை நம்மால் பார்க்க முடியுமா?

கேரளத்தில் முடிந்திருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலிநிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்களுக்குத்தான் உதவ முடிகிறது என்று கண்டு, சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கினார்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் தரக்கூடியவர் யாராக இருந்தாலும் சரி. ஆட்டோ ஓட்டுநர், மாணவர், கடைக்காரர் எல்லோரும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் போட்ட சில்லறைக் காசிலேயே பெரும்பகுதி ஓடியது. 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது, பஞ்சாயத்துகள் செவிலியரை வைத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின.

நம் பங்கு எளிமையானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பது, முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் குதிகாலும் சிவக்கிறதா என்று பார்ப்பது, சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காமல் இருப்பது, உட்காரவைத்து ஊட்டுவது. புண் உடைந்துவிட்டால் செவிலியர் வர வேண்டும். எங்களிடம் ஒரு காற்றுப் படுக்கையும் இரண்டு சக்கர நாற்காலியும் இருக்கின்றன, வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வேலை, கவனித்துக்கொள்ளும் மருமகளையோ மகளையோ இரண்டு மணி நேரம் வெளியே அனுப்புவது. ஒரு அக்கா அந்த இரண்டு மணி நேரத்தில் கோயிலுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கினார்.

வீட்டிலேயே கொடுமை நடந்தால்?

நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அடி இரண்டு மடங்காகும். பெரியவரிடம் தனியாகப் பேசி, அவர் விரும்பினால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பராமரிப்புக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்தால் வேலை சுலபம். எழுதிக்கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவையுங்கள்.

பணம் கையாளலாமா?

கூடாது. ஏ.டி.எம். அட்டை, பின் நம்பர், பத்திரம், நகை எதையும் தொடாதீர்கள். உதவித்தொகை எடுக்கத் துணைக்குப் போனால் இரண்டு பேராகப் போங்கள்.

எல்லாத் தெருவுக்கும் போக முடிகிறதா?

இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன். முதல் நாலு மாதம் நாங்கள் காலனிப் பக்கம் போகவே இல்லை. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, நோட்டில் அந்தத் தெருவுக்குப் பக்கமே இல்லை. தன்னார்வலர் அக்காதான் ஒருநாள் "உங்க லிஸ்ட்டுல எங்க அம்மா பேரு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் குழுவுக்கு வந்தார்கள். பழையவர் ஒருவர் விலகினார். ஒன்பது என்று முதலில் சொன்னது வந்தவர்களைச் சேர்த்து, விலகியவரைக் கழித்த கணக்கு.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

பணம் அனுப்புவதோடு பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவுக்குப் பேசுங்கள், எடுக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அடியுங்கள். "சாப்டீங்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். என்ன குழம்பு என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவர் இறந்துவிட்டால்?

மிச்ச மாத்திரைகளை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், செவிலியரிடம் கொடுத்துவிடலாம். காற்றுப் படுக்கையை உடனே கேட்காதீர்கள். பதினாறு முடிந்ததும் அவர்களே துடைத்துக் கொண்டுவந்து தருவார்கள். காரியத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நோட்டில் அந்தப் பெயரை அடிக்கும்போது அதே வீட்டில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவோம்.